இரண்டு மில்லிகிராம்

காலை ஆறரை. வினிபெக், மக்டெர்மட் அவெனியு.
மீசையில் மூச்சு உறைந்த ஆண்கள் பஸ்ஸுக்கு நிற்கிறார்கள்.
நான் மூன்று கதவுகளுக்கு உள்ளே,
இரண்டு சோடி கையுறை, முதுகில் கட்டிய நீல அங்கி.
இந்த அறை மூச்சை உள்ளே இழுக்கும்,
கதவால் வெளியே விடாது.

பெயரை விட்டு எண்ணை வாசிப்பதுதான் பழக்கம்.
இன்றைக்கு லேபலில் பெயர் தானாகவே வாசித்துக்கொண்டது:
ஹவ்ரிலியுக், ஒலெக். வயது எழுபத்தொன்று.
செல்கிர்க் அவெனியு.

அந்த வீட்டு நிலவறையில் பதினான்கு மாதம் இருந்தேன்.
வெளிக்கிடும்போது, சுவரில் ஆணி அடித்தாயென்று
நானூற்று ஐம்பது டொலர் முற்பணத்தை வைத்துக்கொண்டார்.
நான் அடிக்காத ஆணி.
காசோலைப் புத்தகத்தை விரித்தார், பேனாவைத் திறந்தார்,
யோசித்தார்,
மூடினார்.
தடித்த விரல்கள். மூடி 'டக்' என்றது.

பக்கத்துத் தட்டில் சிவப்பு மருந்து; எல்லாரும் பயப்படுவது அதற்குத்தான்.
என் கையில் இருப்பது தண்ணீர் மாதிரி.
பட்டிப்பூவிலிருந்து வந்தது.
மதில் வெடிப்பில், யாரும் தண்ணீர் ஊற்றாமல் பூக்குமே, அது.
கடல் தாண்டினால் நித்தியகல்யாணி,
இன்னும் கொஞ்சம் நடந்தால் சுடுகாட்டு மல்லி.
மணவறைக்கும் மயானத்துக்கும் ஒரே செடியைப் பெயரிட்டவர்கள்
வின்கிறிஸ்டினைக் கண்டதில்லை.

கலம் இரண்டாகும்போது உள்ளே நூல் நூற்கும்,
நிறமூர்த்தங்களை ஆளுக்குப் பாதியாய் இழுக்கிற நூல்.
இது அந்த நூலைத் திரிக்க விடாது.
பங்கு பிரிக்க வந்தவர்கள் நடுக்கூடத்தில்
நின்றபடியே சாவார்கள்.
ஆனால் நரம்பும் அதே நூலைப் பிடித்துத்தான்
முள்ளந்தண்டிலிருந்து விரல் நுனிக்குச் சாமான் அனுப்புகிறது.
எந்த நூல் எவருடையது என்று
மருந்துக்குப் பார்க்கத் தெரியாது.

மூளைக்குள் போகாது, அங்கே காவல்.
இரத்தத்தில் வருவதை முகம் பார்த்துத் திருப்பும் கலங்கள்.
அடியில் ஒரு சின்ன மேட்டில் மட்டும் காவலில்லை,
நஞ்சு வந்ததா என்று மோந்து பார்க்கத் திறந்து வைத்த ஜன்னல்.
வாந்தி அங்கேயிருந்துதான் கிளம்பும்.
அதற்கு ஒண்டன்செட்ரோன், மேல்மாடியில், தாதி கொடுப்பாள்.
காவலைச் சுற்றிக்கொண்டு
யாராவது இதைத் தவறி முதுகில் ஏற்றினால்
ஆள் அநேகமாய்த் திரும்புவதில்லை.
ஆகவே சிரிஞ்சில் அனுப்புவதில்லை நாங்கள்.
ஐம்பது மில்லிலீட்டர் பை,
முதுகில் ஏற்ற எவரும் நினைக்க முடியாத அளவு.
கொட்டை எழுத்தில்: நாளத்துக்குள் மட்டும்.

உடற்பரப்பு ஒன்று தசம் எட்டு இரண்டு.
பெருக்கினால் இரண்டரைக்குச் சற்று மேலே வருகிறது.
இரண்டோடு நிறுத்துவோம், நரம்புகளுக்காக.
எவ்வளவு பெரிய ஆளுக்கும்,
எந்த வீட்டுக்காரனுக்கும், இரண்டு.

கண்ணாடிக்கு அப்பால் மரிசெல் கோட்டைப் பார்த்துப்
பெருவிரல் தூக்கினாள்.
மறுபடி பார் என்றேன்.
சரியாத்தானே இருக்கு?
மறுபடி.
மூன்று தரம் பார்த்தாள். ஆணியின் கதை அவளுக்குத் தெரியாது.

பங்குனியில், நாலாம் சுற்று.
கவுண்டரில் நிற்கிறவளுக்குக் காய்ச்சல், நான் நின்றேன்.
புருவமில்லாத ஒருவர் பிரெட்னிசோன் போத்தலை நீட்டினார்:
திறக்க முடியவில்லை.
பிள்ளைகள் திறக்காத மூடி.
விரல் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.
கையுறை போட்ட மாதிரி, என்றார்,
கழற்ற முடியாத கையுறை.
முகக்கவசத்துக்கு மேலே என் கண்களைப் பார்த்தார்.
அடையாளம் தெரியவில்லை.

இலகு மூடிக்கு ஒரு கையொப்பம் வேண்டும்.
பேனா விழுந்தது. எடுத்துக் கொடுத்தேன்.
ஹவ்ரிலியுக் என்பது இவ்வளவு நீளமான பெயரென்று
அன்றுதான் கண்டேன்.
பேனாவை மூட அவரால் முடியவில்லை.
நான் மூடினேன்.

பின்னேரம் வைத்தியருக்குக் குறிப்பு எழுதினேன்:
விரல் மரத்திருக்கிறது, சட்டைப் பொத்தான் பூட்டுவதில்லை.
பதில் வந்தது, அடுத்த தடவை ஒன்று.
அதையும் மரிசெல் மூன்று தரம் பார்த்தாள்,
இந்த முறை கேள்வி கேட்காமல்.

காசு இன்னும் வரவில்லை.